நாலு ஸ்டூல்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தே முக்கால் இருக்கும். நடை முடித்துவிட்டு வழக்கம்போல காபிக் கடைப் பக்கம் திரும்பினேன். ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. உள்ளே டியூப் லைட் எரிந்தது, அடுப்பு எரியவில்லை. அந்த நேரத்துக்குத் தெருமுனையிலேயே மூக்கைத் தொட்டுவிடும் டிகாக்‌ஷன் வாசனை இல்லை. நாலைந்து பேர் வாசலில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பால் வண்டி வரலையா?" என்றார் ஒருவர். பால் வந்திருந்தது. டப்பு டப்பாக வாசலிலேயே அடுக்கிக் கிடந்தது, பாக்கெட்டுகள் மேலெல்லாம் நீர் முத்துக் கோத்து.

அப்புறம்தான் எதிர்ப்பக்கம் பார்த்தேன். மூடிக் கிடந்த தையல் கடைப் படிக்கட்டில் கடை ஆட்கள் எட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர், பால் காய்ச்சுகிறவர், பார்சல் கட்டும் தம்பி, வடை போடுகிறவர், ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு பையன்கள், டோக்கன் கொடுப்பவர், எல்லாருக்கும் கடைசியில் கொஞ்சம் தள்ளி, டம்ளர் கழுவும் அக்கா. கோஷம் இல்லை, கொடி இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

ஒன்பது வருஷமாக அந்தக் கடைக்குப் போகிறேன். அவர்களில் ஒருவரையாவது உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நங்கநல்லூரில் காபிக் கடைக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் இரண்டு தெரு தள்ளி இருப்பவர்கள்கூட இந்தக் கடைக்கு வருவார்கள். நின்று குடிக்கிற கடை. சுவரோரம் ஒரு கிரானைட் பலகை உண்டு, அதில் டபராவை வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசலாம். மாஸ்டர் நாலு மணிக்கே வந்துவிடுவார். பெரிய பித்தளை ஃபில்டரில் தூளைக் கொட்டி, உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்தி, கொதிக்கிற தண்ணீரைச் சுற்றிச் சுற்றி ஊற்றுவார். தூளை அழுத்திவிட்டால் டிகாக்‌ஷன் இறங்காது, தளர விட்டால் தண்ணியாக ஓடிவிடும். சிக்கரி கொஞ்சம் கூடினால் அதற்கேற்ற மாதிரி கை மாற வேண்டும். யாருக்குச் சர்க்கரை கம்மி, யாருக்கு ஸ்ட்ராங், யார் நுரை வேண்டாம் என்பவர் என்று இருநூறு பேரின் கணக்கு அவர் தலையில் இருக்கும். நான் தெருவைத் தாண்டும்போதே என் டம்ளரை எடுத்துவிடுவார். ஒரு நாள் பக்கத்தில் நின்று எண்ணினேன். பத்து நிமிஷத்தில் முப்பத்துநாலு டம்ளர். ஆறிலிருந்து எட்டரை வரை அந்த வலது கை கீழே இறங்குவதே இல்லை. அந்த மணிக்கட்டில் அவர் கட்டியிருக்கும் அழுக்கேறிய கிரேப் பேண்டேஜை நான் எத்தனையோ வருஷமாகப் பார்த்திருக்கிறேன். எதற்கு என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

தெருவைத் தாண்டிப் போய், "என்னாச்சு மாஸ்டர்?" என்றேன்.

அவர் அக்காவைக் காட்டினார். "அவங்கள கேளுங்க சார்."

அக்கா பேசவில்லை. பார்சல் தம்பிதான் சொன்னான். பாத்திரம் கழுவுகிற தொட்டிப் பக்கம் ஒரு பால் டப்பைக் கவிழ்த்துப் போட்டு வைத்திருப்பார்களாம். கூட்டம் குறைகிற பதினொரு மணி, மூன்று மணி வாக்கில் ஆள் மாற்றி ஆள் அதில் இரண்டு நிமிஷம் உட்காருவார்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் முதலாளியின் மகன் கேமரா வைத்தார். திருட்டுக்குத்தான் என்று சொன்னார்கள். முதல் வாரமே கல்லாவுக்குப் போன் வந்தது: "அங்க உக்காந்திருக்கறது யாரு?" மறுநாள் டப்பு போய்விட்டது. திங்கட்கிழமை சாயங்காலம், ஏழு மணிக் கூட்டத்தில், அக்காவுக்குத் தலை சுற்றியிருக்கிறது. ஈரத்தரையிலேயே சுவரில் சாய்ந்து பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டார். ராத்திரி கணக்கு முடிக்கும்போது அரை நாள் கூலியைப் பிடித்துவிட்டார்கள்.

"இருநூத்தம்பது ரூவா சார்," என்றான் தம்பி. "பத்து நிமிஷத்துக்கு."

யாரும் கூடிப் பேசித் திட்டம் போடவில்லையாம். காலையில் நாலு மணிக்கு மாஸ்டர் வந்து ஷட்டரைப் பாதி ஏற்றினார். லைட்டைப் போட்டார். தொட்டிப் பக்கம் பார்த்தார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே மாஸ்டர் கைலியை முழங்கால் வரை ஏற்றி, இடது காலைத் திருப்பிக் காட்டினார். கெண்டைக்காலின் பின்னால் நரம்புகள் நீலமாக முறுக்கிக்கொண்டு, மண்ணுக்கு வெளியே தெரிகிற வேர் மாதிரி புடைத்திருந்தன. கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்து, ஒரு ரூபாய் அளவுக்கு ஆறாத புண். காலையில் நாலிலிருந்து பதினொன்று, மறுபடி இரண்டரையிலிருந்து ஒன்பது. பதினைந்து வயதிலிருந்து நின்ற கால். நாள் முழுக்க நிற்கிறவர்களுக்குக் கால் ரத்தம் மேலேறத் திணறி நாளங்கள் இப்படி வீங்கும். துணிக்கடைக்காரர்கள், போக்குவரத்துப் போலீஸ், பள்ளி ஆசிரியர்கள் எல்லாருக்கும் தெரிந்த வியாதி. எனக்கும் அது படித்துத் தெரியும். மூன்றடி தூரத்தில் ஒன்பது வருஷம் நின்று காபி குடித்தும் கண்ணால் தெரியவில்லை, ஏனென்றால் நடுவில் கல்லா மேடை இருந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் பஃபலோ நகரத்து எல்ம்வுட் அவென்யூ ஸ்டார்பக்ஸில் 2021 டிசம்பரில் ஊழியர்கள் வாக்களித்துச் சங்கம் அமைத்தார்கள். 19 பேர் வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். சில வாரத்திலேயே, ஜனவரியில் கொரோனா மறுபடி பரவியபோது, பாதுகாப்பில்லை என்று அதே ஆட்கள் வேலையை விட்டு வெளியே வந்து நின்றார்கள். அதை அப்போது வரி விடாமல் படித்தேன், நண்பர்களிடம் பெருமையாகச் சொன்னேன். ஆனால் என் தெருவில் ஷட்டர் பாதியில் நின்றபோது எனக்கு முதலில் தோன்றியது, 'இப்போ காபிக்கு எங்கே போறது?' என்பதுதான். அன்றைக்கு வேறு கடையில் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் கேட்ட பேச்சுகளையும் எழுதுகிறேன். "இவனுங்களுக்கெல்லாம் கொழுப்பு." "வடக்கத்திப் பசங்களைப் போட்டா ஒரே நாள்ல சரியாயிடும்." இதைச் சொன்னவர் எதிர்ப்பக்கம் பார்க்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த ஒடிசாப் பையன்கள் இருவருக்கும் ஒன்றரை வருஷத் தமிழ் நன்றாகவே புரியும். அவர்கள் இருவரும் சேட்டிடம் கடனும், அட்வான்ஸும் வாங்கி வந்தவர்கள். முதலாளியின் அறையிலேயே தங்குகிறவர்கள். வேலை போனால் அன்று ராத்திரி படுக்க இடம் இல்லை. எட்டுப் பேரில் அதிகம் இழக்கக்கூடியவர்கள் அவர்கள்தான். நாலு நாளும் அவர்கள் அந்தப் படிக்கட்டை விட்டு நகரவில்லை.

முதலாளி பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவருடைய அப்பா ஒற்றை மண்ணெண்ணெய் அடுப்போடு தொடங்கிய கடை. இப்போது வாடகை, பால், கேஸ் என்று எல்லாம் ஏறிக் கிடக்கிறது. பிரேசிலில் மழை பொய்த்து, 2025 பிப்ரவரியில் அராபிகா விலை உலகச் சந்தையில் அதுவரை காணாத உச்சத்துக்குப் போனது. தூள் விலை அவர் கழுத்தைப் பிடித்திருப்பது உண்மை. டம்ளருக்கு மூன்று ரூபாய் ஏற்றியதற்கே எங்களில் பலர் முகம் சுளித்தோம். ஆனால் அக்காவிடம் பிடித்த அந்த இருநூற்றைம்பதில் தூள் விலைக்கு என்ன பதில் இருக்கிறது? ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் எவ்வளவு விலை? உட்கார்ந்தவன் சோம்பேறி என்கிற எண்ணம் எந்தச் செலவுக் கணக்கிலும் வராது. அது வேறு எங்கிருந்தோ வருகிறது.

இன்னொரு விஷயம் பேச்சுவாக்கில் டோக்கன் கொடுப்பவர் சொன்னது. முன்பெல்லாம் சில்லறை கொடுத்துக் குடிப்போம். மிச்சம் ஒன்றோ இரண்டோ ரூபாயை டபராவிலேயே போட்டுவிட்டு வருவோம். ராத்திரி அதைச் சேர்த்து எட்டுப் பங்காக்கினால் ஆளுக்கு நாற்பது, ஐம்பது தேறுமாம். கடை வாசலில் கியூஆர் அட்டை ஒட்டிய நாளிலிருந்து டபரா காலியாகவே வருகிறது. நாம் போனை நீட்டிச் சரியான தொகையைப் போட்டுவிடுகிறோம். சிலர் இரண்டு ரூபாய் சேர்த்தே போடுகிறார்கள், அதுவும் முதலாளி கணக்குக்குத்தான் போகிறது. ஆளுக்கு மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வரை, யாரும் வெட்டாமலேயே அவர்கள் சம்பளத்திலிருந்து போய்விட்டது. அவர்கள் அதைப் பற்றி யாரிடமும் புகார் சொல்லியிருக்கவில்லை.

புதன்கிழமை கடை திறந்திருந்தது. முதலாளியின் மச்சான் வீட்டுக் கடையிலிருந்து இரண்டு பேரைக் கொண்டுவந்திருந்தார்கள். பழக்க தோஷம், நானும் உள்ளே போய்விட்டேன். டம்ளர் கைக்கு வந்தது. இரண்டாம் டிகாக்‌ஷனை முதல் டிகாக்‌ஷனோடு கலந்து ஓட்டியிருக்கிறார்கள், கசப்பு நாக்கின் அடியில் நின்றது. அதைவிட, எதிரே படிக்கட்டில் மாஸ்டர் என்னைப் பார்த்துவிட்டு உடனே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குச் சங்கடம் வரக் கூடாது என்று திருப்பிக்கொண்டார். டம்ளரைப் பாதியோடு வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் உண்டு. தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1968 செப்டம்பர் 19 மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டு சஸ்பென்ட் ஆனவர். ஒரு நாள் வேலைநிறுத்தம்தான், தேவைக்கேற்ற குறைந்தபட்சச் சம்பளம் கேட்டு. வருஷக்கணக்கில் அதன் பலனை அனுபவித்தோம் என்பார். அவர் புதன்கிழமை கடைக்குள் காலே வைக்கவில்லை. வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் காபி போட்டுக் கொண்டுவந்து படிக்கட்டில் எட்டுப் பேருக்கும் ஊற்றிக் கொடுத்தார். மாஸ்டர் ஒரு வாய் குடித்துவிட்டு, "தூளை இன்னும் கொஞ்சம் ஊற விட்டிருக்கலாம் ஐயா," என்றார். அந்த நாலு நாளில் அவர்கள் எல்லாரும் சிரித்தது அப்போதுதான்.

அங்கே வைத்துத்தான் அவர் இந்தியன் காபி ஹவுஸ் கதையைச் சொன்னார். பாண்டிச்சேரியில் வேலை பார்த்த காலத்தில் நேரு வீதிக் காபி ஹவுஸில் தினமும் குடித்தவர். விசிறி மாதிரி குஞ்சம் வைத்த தலைப்பாகையோடு பரிமாறுகிறவர்களை எல்லாரும் பார்த்திருப்போம். அந்தத் தலைப்பாகைக்குள் இருக்கிறவர்தான் அந்தக் கடையின் சொந்தக்காரர் என்பது பல பேருக்குத் தெரியாது.

காபிக்குச் சந்தை பிடிப்பதற்காக 1936-ல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் காபி ஹவுஸைத் திறந்தார்கள். பிறகு காபி வாரியம் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. ஐம்பதுகளின் நடுவில் வாரியம் கடைகளை ஒவ்வொன்றாக மூட முடிவெடுத்தது. பரிமாறுகிறவர்கள், சமையல்காரர்கள், கழுவுகிறவர்கள் எல்லாரும் தெருவுக்கு வந்தார்கள். வேலையைத் திருப்பிக் கொடு என்று கேட்கப் போனவர்களிடம், கடையையே நீங்கள் எடுத்து நடத்துங்கள் என்று சொன்னவர் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன். 1957 ஆகஸ்டில் பெங்களூரில் தொழிலாளர்களின் முதல் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. அந்த அக்டோபரிலேயே டெல்லியில் கடை திறந்தார்கள். 1958 மார்ச்சில் திருச்சூர். கேரளத்தில் அதைக் கட்டி எழுப்பியவர்களில் ஒருவரான என்.எஸ். பரமேஸ்வரன் பிள்ளை, தாமே அங்கே வேலை பார்த்தவர். அந்தப் போராட்டத்தை மலையாளத்தில் ஒரு புத்தகமாகவும் எழுதினார்.

எனக்கு அதில் அதிகம் பிடித்த துண்டு கல்கத்தாவில் நடந்தது. 1958-ல் காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸை மூடப்போகிறார்கள் என்றதும், பிரசிடென்சி கல்லூரி, பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அரசுக்கு மனு எழுதிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அதே வருஷம் கடை மறுபடி திறந்தது. காபி குடிக்கிறவர்கள் கையெழுத்துப் போட்டுக் காப்பாற்றிய கடை.

"அப்ப நாமளே ஒரு கடை போட்டுறலாமே மாஸ்டர்," என்றேன் உற்சாகத்தில்.

அவர் பொறுமையாகச் சொன்னார். "இந்தத் தெருவுல ஷட்டருக்கு அட்வான்ஸே அஞ்சு லட்சம் கேப்பாங்க சார். ஃபில்டர், பாய்லர் தனி. எங்க எட்டுப் பேரு தாலியையும் சேத்து வெச்சாலும் பத்தாது. எங்களுக்குக் கடை வேணாம். உக்கார எடம் வேணும்."

அன்று ராத்திரி சட்டம் என்ன சொல்கிறது என்று தேடி உட்கார்ந்தேன். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில், தையல் வேலை செய்துகொண்டிருந்த விஜியும் அவர் கூட்டாளிகளும் 'பெண்கூட்டு' என்ற அமைப்பை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் போராடியதால், கடைகளில் நின்று வேலை செய்கிறவர்கள் உட்காரலாம் என்று 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடும் 1947-ஆம் வருஷக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் உட்காருவதற்கு இருக்கை இருக்க வேண்டும், இதுதான் அதன் சாரம். ஓட்டல்களுக்கென்று நம் மாநிலத்தில் 1958-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது, அதில் நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 என்று எழுதியிருக்கிறது. மாஸ்டரின் நாள் பதின்மூன்றரை மணி நேரம். அபராதம் போடுவதற்கும் வரம்பு உண்டு. பழைய 1936 ஊதியச் சட்டத்திலும் சரி, 2019-ல் எழுதிய புதுத் தொகுப்பிலும் சரி, சம்பளத்தில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் அபராதமாகப் போகக் கூடாது. போடும் முன் அந்த ஆளிடம் விளக்கம் கேட்க வேண்டும். அக்காவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வியாழக்கிழமை பெரியவரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "இது கடைசிக்கு இருக்கட்டும். மொதல்ல ஆளுங்க," என்றார். ஒரு முழுத்தாளை எடுத்து அழகான கையெழுத்தில் நாலே வரி எழுதினார். தினமும் இங்கே காபி குடிக்கிற நாங்கள், அந்த அம்மாவின் கூலியைத் திருப்பிக் கொடுக்கும்படியும், ஆட்கள் உட்கார நாலு ஸ்டூல் போடும்படியும் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை நாங்கள் இங்கே குடிப்பதற்கில்லை.

வியாழன் சாயங்காலமும் வெள்ளி காலையும் நானும் அவரும் வாசலில் நின்று கையெழுத்து வாங்கினோம். அறுபத்தொன்று விழுந்தது. கோயிலுக்குப் போகிற மாமிகள், ஆட்டோக்காரர்கள், நீட் வகுப்புக்குப் போகிற ஒரு பெண். 'கொழுப்பு' என்று சொன்னவர் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார், ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டார். போடாமல் விலகிப் போனவர்களும் நிறைய. அதில் இரண்டு பேர் என் நெருங்கிய நண்பர்கள், அது இன்னும் வலிக்கிறது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு முதலாளியே தெருவைத் தாண்டி வந்தார். மகன் கூட வரவில்லை. மாஸ்டர் எழுந்து நின்றார், அவரைப் பார்த்து மற்றவர்களும். முதலாளி அக்காவிடம் போய் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். "மிச்சம் வேணாம், வெச்சுக்கம்மா." அக்கா இடுப்புச் சுருக்குப் பையைத் திறந்து இருநூற்றைம்பதை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் அந்தத் தாளை வாங்கினார்.

ஸ்டூல் வந்தது. நாலும் நீல நிறம். கேமரா இருந்த இடத்திலேயே இருக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் லீவு பற்றிக் கேட்டதற்கு, பார்க்கலாம் என்று பதில், இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கியூஆர் அட்டைக்குப் பக்கத்தில் பார்சல் தம்பி ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்திருக்கிறான். நான் இப்போது சில்லறை கொண்டுபோகிறேன். காலைக் காட்ட மாஸ்டரை அரசு மருத்துவமனைக்கு ஒரு நாள் கூட்டிப்போனோம், காலுறை மாதிரி இறுக்கமான ஒன்றைப் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

அக்கா திரும்பி வேலைக்கு வரவில்லை. அடுத்த தெருவில் இரண்டு வீட்டில் சமைக்கிறார். ஒரு நாள் காய்கறி வண்டி பக்கத்தில் பார்த்தபோது அவர் பேரைக் கேட்டேன். சொன்னார். ஒடிசாப் பையன்களில் ஒருவன் ஊருக்குப் போய்விட்டான். இன்னொருவன் இப்போது பால் காய்ச்சக் கற்றுக்கொள்கிறான்.

போன வாரம் மூன்று மணிக்கு, கூட்டமில்லாத நேரத்தில் போனேன். பாய்லருக்குப் பக்கத்தில், ஃபில்டர் இறங்குவதைப் பார்த்தபடி மாஸ்டர் நீல ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கை டம்ளர் பக்கம் போக, உடம்பு தானாகப் பாதி எழுந்துவிட்டது. "உக்காருங்க மாஸ்டர், எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல," என்றேன். அவர் மேலே கேமராவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மெதுவாக மறுபடி உட்கார்ந்தார்.

"இப்பத்தான் தண்ணி ஊத்தினேன் சார். எறங்கட்டும்."

நான் கிரானைட் பலகையில் சாய்ந்து நின்றுகொண்டேன்.